சேவல் சின்னம், சிறுத்தைச் சின்னம்: அலபாமாவில் ஐந்து நாள்

நாள் 1, புதன்: அட்லாண்டா

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நயாகரா போயாயிற்று, கடைகள் எல்லாம் சுற்றியாயிற்று. பேத்திக்கு அக்டோபர் விடுமுறை கிடைத்ததும் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டார்கள், அலபாமா என்றேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அங்கே என்ன அத்தை இருக்கு, வெறும் காடுதானே" என்றார் அப்புறம். நாகர்கோவில் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவள் நான். அடிமை முறை, லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் எல்லாவற்றையும் இரண்டு பீரியடில் முடித்துவிட்டு, ஐந்து மார்க் கேள்விக்கு இவ்வளவு எழுதினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தவள். வாயால் நடத்திய இடங்களைக் காலால் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை, வேறொன்றும் இல்லை.

கிளம்புவதற்கு முன் இன்று உள்ளூரிலேயே ஆபர்ன் அவென்யூ போனோம். 501ஆம் எண் வீடு, கிங் 1929 ஜனவரி 15 அன்று பிறந்தது இங்கேதான். இரண்டு மாடி மரவீடு, முன்னால் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம். வெளியில் நின்றுதான் பார்த்தோம். நாலு எட்டு நடந்தால் எபினேசர் தேவாலயம், அவருடைய தாத்தாவும் அப்பாவும் அவரும் போதகராக இருந்த இடம். பக்கத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி, நடுவில் கிங்கும் மனைவி கொரெட்டாவும் அடங்கியிருக்கும் வெள்ளைக் கல்லறை.

இவர்கள் இரண்டு பேரும் 1959 பிப்ரவரி, மார்ச்சில் ஒரு மாதம் இந்தியாவைச் சுற்றியபோது கன்னியாகுமரிக்கும் வந்து, பாறையில் உட்கார்ந்து, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது, எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். அதைவிட முக்கியம் திருவனந்தபுரத்தில் நடந்தது, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் கிங்குக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது. அப்புறம் தன் நாட்டில் தன் ஆட்கள் இருக்கும் நிலையை யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1965 ஜூலை 4 அன்று, அமெரிக்க சுதந்திர தினத்தில், இதே எபினேசரில் நின்று இந்தக் கதையைச் சொன்னார்.

பேத்தி தொட்டித் தண்ணீரில் காசு போடலாமா என்று கேட்டாள். கூடாது என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டாள்.

நாள் 2, வியாழன்: மான்ட்கோமரி

அட்லாண்டாவிலிருந்து 260 கிலோமீட்டர் இருக்கும். அலபாமா எல்லையைத் தாண்டியதும் போன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. அதனால் பசி மட்டும் சீக்கிரம் வந்தது, சாப்பாட்டு நேரம் வரவில்லை. தயிர்சாதப் பாத்திரத்தைக் காரிலேயே திறந்தாயிற்று.

ரோசா பார்க்ஸைப் பற்றி நான் வருஷக்கணக்காக வகுப்பில் என்ன சொல்லியிருக்கிறேன் என்றால், தையல் வேலை பார்த்துக் களைத்துப்போன ஓர் ஏழை அம்மா, கால் வலியால் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தார், நாடே கொதித்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், நான் சொன்னதில் பாதி தப்பு. 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. கறுப்பின மக்களுக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளையில் 1943 முதலே செயலாளர். அந்த பஸ் டிரைவர்கூடப் பழைய ஆள்தான். 12 வருஷத்துக்கு முன்னால், முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறவில்லை என்று இவரைக் கீழே இறக்கிவிட்டவர் அவரே. கறுப்பர்கள் முன்னால் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கி, பின்னால் போய் ஏற வேண்டும். சில சமயம் அதற்குள் பஸ் கிளம்பிவிடும், காசும் போச்சு.

அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் வரிசையிலும் இல்லை, நடுப்பகுதியில். ஒரு வெள்ளைக்காரருக்கு இடம் வேண்டும் என்பதற்காக அந்த வரிசையில் இருந்த நாலு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள். கைது நடந்த இடத்தில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது, ட்ராய் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். அபராதம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு கணக்கு. ரோசா பார்க்ஸ் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்தது 1945இல்தான். அதற்குமுன் போனபோதெல்லாம் தேர்வில் தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆமாம், பேர் சேர்க்கத் தேர்வு. மூன்றாவது தடவை கேள்விகளை எல்லாம் தனியாக ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டார், இந்த முறையும் தேறவில்லை என்றால் வழக்குப் போடலாம் என்று. அந்த முறை பேர் சேர்ந்தது. அடுத்து வாக்குவரி, வருஷத்துக்கு ஒன்றரை டாலர். 21 வயதிலிருந்து பாக்கியைக் கட்டு என்று 11 வருஷத்துக்குச் சேர்த்து 16 டாலர் 50 சென்ட் வாங்கிக்கொண்டார்கள். பஸ் கட்டணம் பத்து சென்ட்டாக இருந்த ஊரில் இது எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவள் நான், பிரிசைடிங் ஆபீசராகவும் இருந்திருக்கிறேன். நம் ஊரில் பட்டியல் எடுக்க வீட்டு வாசலுக்கே ஆள் வருவார்கள், அப்படி வந்தும் பேர் விட்டுப்போய்விட்டது என்று சாவடி வாசலில் சண்டை நடக்கும். இங்கே பேர் சேர்க்காமல் இருப்பதற்கு ஓர் அலுவலகம் நடத்தியிருக்கிறார்கள்.

சரி, பஸ் கதைக்கு வருகிறேன். கைதான அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இரண்டு மாணவர்களையும் ஒரு சக ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய், விடிய விடிய சைக்ளோஸ்டைல் மிஷினில் ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் சுற்றி எடுத்திருக்கிறார். திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று. ஸ்டென்சில் வெட்டிக் கேள்வித்தாள் எடுத்த என் வயசு ஆசிரியைகளுக்குத் தெரியும், முந்நூறு தாள் எடுப்பதற்குள் விரல் எல்லாம் மை, தோள் கழன்றுவிடும். இவர்கள் எடுத்தது 35,000க்கு மேல். கல்லூரிக் காகிதத்தில், நிர்வாகத்துக்குத் தெரியாமல். வரலாற்றில் கிங் பேர் இருக்கிறது, இருக்கட்டும், அவருக்கு அப்போது 26 வயது, ஊருக்கு வந்தே ஒரு வருஷம் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. அந்த மிஷினைச் சுற்றிய கை எனக்கு முக்கியம்.

அப்புறம் 381 நாள் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறவில்லை. டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணத்துக்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். நகராட்சி, குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்காவிட்டால் கேஸ் என்றது. உடனே சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் முறைபோட்டு ஓட்ட ஆரம்பித்தார்கள். நூற்றுக்கணக்கில் கார், எந்த மூலையில் எத்தனை மணிக்கு யார் ஏற்றிக்கொள்வது என்று அட்டவணை. பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரம்மா இருந்தார். ஓட்டல் வேலையிலிருந்து துரத்தப்பட்டவர். இவரும் கூட்டாளிகளும் வீட்டில் கோழி பொரித்து, கேக் சுட்டு, அழகு நிலையத்திலும் தெருவிலும் விற்று, வாராவாரம் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். இந்தப் பெண்கள் குழுவுக்கு வைத்த பேர் "எங்கிருந்தும் இல்லாத சங்கம்". பணம் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. காரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பஸ்ஸில் பிரித்து உட்காரவைப்பதை எதிர்த்த வழக்கில் ஜெயித்தது வேறு நாலு பெண்கள். அதில் ஒருத்தி கிளாடெட் கால்வின், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, 15 வயதில், பஸ்ஸில் எழுந்திருக்க மாட்டேன் என்று கைதான பள்ளிக்கூடப் பெண். உச்ச நீதிமன்றம் 1956 நவம்பர் 13 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்பை உறுதி செய்தது. ஐந்து மார்க் கேள்வியில் அந்தப் பெண்ணின் பேர் வரவே வராது.

நாள் 3, வெள்ளி: இன்னும் மான்ட்கோமரி

ராத்திரி தங்கிய விடுதியில் வெந்நீர் வரவில்லை. பேர் சொல்லவில்லை, வேண்டாம். பச்சைத் தண்ணீரில் குளித்தேன், எனக்குப் பழக்கம்தான், பேத்திதான் கத்தினாள்.

காலையில் கோர்ட் ஸ்கொயர். நடுவில் நீரூற்று, அழகாகத்தான் இருக்கிறது. இந்தச் சதுக்கத்தில் மனிதர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். ரோசா பார்க்ஸ் அன்று பஸ் ஏறிய நிறுத்தமும் இங்கேயே. பக்கத்துக் கட்டடத்திலிருந்துதான் 1861இல் சம்டர் கோட்டையைத் தாக்கலாம் என்ற தந்தி போனது, உள்நாட்டுப் போர் அப்படித் தொடங்கியது. ஒரே சதுக்கத்தில் இவ்வளவும். அங்கிருந்து நேராக மேலே பார்த்தால் தெருக்கோடியில் வெள்ளை வெளேரென்று மாநிலத் தலைமைச் சட்டமன்றக் கட்டடம், அதற்கு ஒரு தெரு முன்னால் செங்கல்லில் கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம். இவ்வளவு பக்கமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சட்டமன்றப் படியில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள், பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் 1861 பிப்ரவரி 18 அன்று பதவியேற்ற இடம் என்று. 1963 ஜனவரியில் ஜார்ஜ் வாலஸ் ஆளுநராகப் பதவியேற்று, இன்றும் இனப் பிரிவினை, நாளையும் இனப் பிரிவினை, என்றென்றும் இனப் பிரிவினை என்று முழங்கியதும் இங்கேதான். நம் ஊர் ஆளுநர் மாதிரி இல்லை, இங்கே ஆளுநர் என்றால் ஓட்டு வாங்கி வருபவர், நம் முதலமைச்சர் மாதிரி. அதே வாலஸ், சுடப்பட்டு நடக்க முடியாமல் போன பிறகு, சக்கர நாற்காலியில் இந்த டெக்ஸ்டர் தேவாலயத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குப் பெரிய மனசு கிடையாது.

மத்தியானம் நினைவிடம். 2018இல் திறந்தது. விசாரணை இல்லாமல் கும்பலாகச் சேர்ந்து அடித்தும் எரித்தும் தூக்கில் போட்டும் கொன்ற கறுப்பின மக்களுக்காக எழுப்பியது, 1877க்கும் 1950க்கும் இடையில் 4,400 பேருக்கு மேல். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு துருப்பிடித்த இரும்புத் தூண், அதில் பேரும் தேதியும், 800க்கு மேல் தூண்கள். உள்ளே நுழையும்போது நம் உயரத்துக்கு நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, தூண்கள் அப்படியே மேலே தொங்குகின்றன, ஒரு கட்டத்தில் அண்ணாந்துதான் பேர் படிக்க வேண்டும். சில தூணில் பேரே இல்லை, யாரென்று தெரியாது என்று மட்டும் வெட்டியிருக்கிறது. பேத்தியை மகள் வெளியே புல்தரையில் வைத்துக்கொண்டாள், நல்லது செய்தாள். கீழே ஊரில் நினைவிடத்தை எழுப்பியவர்களே நடத்தும் அருங்காட்சியகத்தில், கொலை நடந்த இடங்களில் எடுத்த மண்ணைக் கண்ணாடிக் குப்பிகளில் போட்டுப் பேரெழுதி அடுக்கியிருக்கிறார்கள். கறுப்பு மண், சிவப்பு மண், மஞ்சள் மணல். எங்கள் தேரிக்காட்டு நிறத்தில்கூட ஒன்று இருந்தது. இதற்குமேல் இன்று எழுத வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளையிடம், உங்களுக்குக் குடியுரிமை வந்து இரண்டு வருஷம் ஆச்சே, ஓட்டுப் போட்டீங்களா என்று கேட்டேன். இங்கே தேர்தல் செவ்வாய்க்கிழமைதான் வரும் அத்தை, லீவு கிடையாது, இன்னும் பேரே பதியலை என்றார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் எப்போது பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

நாள் 4, சனி: லவுண்ட்ஸ் வழியாக செல்மா

நெடுஞ்சாலை 80. 1965 மார்ச்சில் ஓட்டுரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு ஐந்து நாள் நடந்தார்களே, அதே சாலையில் எதிர்த்திசையில் போகிறோம். 87 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம், மரங்களில் தாடி மாதிரி தொங்கும் பாசி. நடுவழியில் வரும் மாவட்டம் லவுண்ட்ஸ். இதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பயணத்திலேயே என்னை அதிகம் ஆட்டியது கடைசியில் இதுதான்.

மக்கள்தொகையில் ஐந்தில் நாலு பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் எத்தனை பேர்? பூஜ்யம். ஒருத்தர்கூடக் கிடையாது. வெள்ளையர் பட்டியலோ, ஊரில் இருந்த தகுதியுள்ளவர்களைவிட அதிகம், நூறு சதவீதத்தையும் தாண்டி நிற்கிறது. செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பட்டியலில் தொடர்ந்து வாழ்வது எங்கே நடந்தாலும் எனக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. பேர் பதிந்தார்கள். பதிந்தவர்களை நிலத்து முதலாளிகள் குடிசையைவிட்டு வெளியேற்றினார்கள், தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத நிலம். டிசம்பர் குளிரில் நெடுஞ்சாலை ஓரமாகக் கூடாரம் அடித்துத் தங்கினார்கள், ராத்திரிகளில் கூடாரத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார்கள், அப்படியும் இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார்கள். கூடார நகரம் என்று பேர். அந்த இடத்தில்தான் இப்போது தேசியப் பூங்காத் துறையின் காட்சியகம். சனிக்கிழமையும் எங்களைத் தவிர இன்னொரு குடும்பம்தான் இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் தலைப்பில் இருக்கும் விஷயம். ஓட்டு வந்துவிட்டது, யாருக்குப் போடுவது? அலபாமாவில் ஜனநாயகக் கட்சி என்றால் அப்போது வாலஸ் கட்சி. அதன் சின்னம் வெள்ளைச் சேவல், சேவலுக்கு மேலே "வெள்ளையர் மேலாதிக்கம்" என்று வாக்குச்சீட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். ஜாடையாக எல்லாம் இல்லை, பச்சையாக. இதற்குப் போய் எப்படி முத்திரை குத்துவது? அதனால் இவர்கள் தங்கள் மாவட்டத்துக்கென்று தனிக்கட்சியே தொடங்கினார்கள், ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற மாணவர் இயக்க இளைஞர்கள் கூட இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காகக் கட்சிக்கு ஒரு சின்னம் வேண்டும் என்பது மாநில விதி. அட்லாண்டாவில் ஒரு கல்லூரியின் விளையாட்டு அணிச் சின்னமாக இருந்த கருஞ்சிறுத்தையை எடுத்துப் பாய்கிற மாதிரி வரைந்தார்கள். ஷெரிஃப் (ஓட்டு வாங்கி வரும் மாவட்டப் போலீஸ் தலைவர்) என்றால் யார், வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார் என்று படக்கதைப் புத்தகம் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். சிறுத்தைக்குப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போங்கள் என்பது பிரசாரம். 1966 நவம்பரில் ஏழு இடத்திலும் தோற்றார்கள். ஆனால் அந்தச் சிறுத்தை அதற்குள் கலிபோர்னியா போய்விட்டது, ஓக்லண்டில் கருஞ்சிறுத்தைக் கட்சி என்று உலகமே பேசியது இந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டதால்தான். இங்கே லவுண்ட்ஸில், முதல் கறுப்பின வாக்காளர்களில் ஒருவராகப் பேர் பதிந்த ஜான் ஹியூலெட் 1970இல் ஷெரிஃப் ஆனார்.

சேவல் சின்னம் என்றதும் எனக்கு 1989 வந்துவிட்டது. சட்டமன்றத் தேர்தல், எனக்கு முதல் தேர்தல் வேலை. எம்.ஜி.ஆர். போன பிறகு கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஒரு பக்கம் சேவல், இன்னொரு பக்கம் இரட்டைப் புறா. வாக்குச்சீட்டோடு மறைப்புக்குள் போன ஒரு பாட்டி திரும்பி வந்து, "இலையக் காணல்லியே மக்களே" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லக்கூடாது. பூத் ஏஜென்ட்டுகள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போனார். எதில் குத்தினார் என்று தெரியாது. ஒரு படம் எழுத்தறியாதவருக்கு என்னவாக இருக்கிறது என்று அன்று பார்த்தவள் நான், அதனால்தானோ என்னவோ அந்தச் சிறுத்தைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

செல்மாவுக்குள் நுழைவதே அந்தப் பாலத்தின் வழியாகத்தான். எட்மண்ட் பெட்டஸ் பாலம், 1940இல் கட்டியது. பெட்டஸ் யார் என்றால் தென்மாநிலப் படைத் தளபதி, கறுப்பர்களைத் தாக்கிய கு க்ளக்ஸ் க்ளான் கும்பலின் தலைவர். பேர் இன்னும் அப்படியே இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு நடந்தோம். ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறினால் நடுவில் பாலம் மேடாகி, உச்சிக்குப் போகும்வரை எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. 1965 மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை நடந்து வந்த 600 பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், மேட்டுக்கு வந்த பிறகுதான் கீழே வரிசையாக நிற்கும் போலீஸ் தெரிந்திருக்கும். முன்னால் நடந்த ஜான் லூயிஸுக்கு 25 வயது, மண்டை உடைந்தது. அமீலியா பாய்ன்டன் அடிபட்டு நினைவிழந்து தரையில் கிடந்த படம் உலகம் முழுக்கப் போனது. அன்று ராத்திரி ஒரு தொலைக்காட்சியில், நாஜிகள் மீதான விசாரணையைப் பற்றிய படத்தை நடுவில் நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைக் காட்டினார்கள். அந்த லூயிஸ் 33 வருஷம் நாடாளுமன்றத்தில் இருந்தார், 2020இல் இறந்தபோது அவர் உடலைக் குதிரை வண்டியில் இதே பாலத்தின் மேல் கொண்டுபோனார்கள்.

பாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் நீதிமன்றப் படியைப் பற்றி எழுதுகிறேன். செல்மா இருக்கும் மாவட்டத்தில் ஓட்டு வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள், பட்டியலில் சுமார் 300. நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை மட்டும் திறக்கும். பல பக்கப் படிவம், அரசியல் சட்டப் பிரிவைப் படித்து விளக்கு என்பார்கள், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். இருப்பதே முந்நூறு பேர் என்றால் சாட்சிக்கு யாரிடம் போவது? 1965 ஜனவரி 22 அன்று நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் பள்ளிக்கூடம் முடிந்து, நல்ல உடுப்பில், இரண்டிரண்டு பேராக இந்தப் படிக்கு நடந்து வந்தார்கள். கையில் பல் துலக்கும் பிரஷ். ஜெயிலில் போடுவதென்றால் போடு, தயாராகத்தான் வந்திருக்கிறோம் என்று அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். சம்பளம் கொடுப்பது வெள்ளையர் கல்விக்குழு, ஒரு கையெழுத்தில் வேலை போகும். ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் ஆட்களும் தடியால் குத்திக் குத்திப் படியைவிட்டு இறக்கினார்கள், மறுபடி ஏறினார்கள், மறுபடி இறக்கினார்கள். சாரும் டீச்சருமே போகிறார்கள் என்றதும் பிள்ளைகளும் பெற்றவர்களும் கூட்டமாக வர ஆரம்பித்துவிட்டார்கள். வாத்தியார் வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், நாம் பயந்த சாதி. சுற்றறிக்கை வந்தாலே கை நடுங்கும். அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிளார்க் என்ன ஆனார் என்று பேத்தி கேட்டாள். அடுத்த வருஷத் தேர்தலில் தோற்றுப்போனார், படியிலிருந்து தள்ளிவிடப்பட்டவர்கள் எல்லாம் அதற்குள் பட்டியலில் ஏறியிருந்தார்கள். அலபாமா முழுக்கவே, பதிவான கறுப்பினத்தவர் 19 சதவீதத்திலிருந்து இரண்டு வருஷத்தில் 51 சதவீதத்துக்கு மேல் போனார்கள்.

ஊர் இப்போது சோர்ந்து கிடக்கிறது. கடைத்தெருவில் பாதிக்குப் பாதி பூட்டு, 2023இல் சுழற்காற்று வேறு அடித்துவிட்டுப் போயிருக்கிறது.

நாள் 5, ஞாயிறு: பர்மிங்ஹாம், வீடு

வழியில் பீச் பழ வடிவத்தில் ஒரு பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டி, பேத்திக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்தது அதுதான். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஷெல்பி மாவட்டம் என்று பலகை வந்தது. மாப்பிள்ளை போனைப் பார்த்துவிட்டு, "அத்தை, இந்த ஷெல்பி போட்ட கேஸ்தான்" என்றார். 1965 சட்டத்தில் ஒரு கண்ணி இருந்தது. பழைய திருட்டு மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் முதலில் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். ஷெல்பி மாவட்டம் வழக்குப் போட்டது, 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று, எந்தெந்த மாநிலங்கள் அனுமதி வாங்க வேண்டும் என்ற பட்டியலையே செல்லாததாக்கியது, காலம் மாறிவிட்டது என்று. அனுமதி முறை அதோடு படுத்துவிட்டது. இப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் பத்து வருஷம் பக்கத்து மாநிலத்தில் இருந்திருக்கிறேன் என்றார் அவர். இந்தத் தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை.

பர்மிங்ஹாம் இரும்பு ஊர், 1871இல்தான் உருவானது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டோ டாமினோவோ செக்கர்ஸோ ஆடக்கூடாது என்று நகராட்சிச் சட்டமே இருந்த இடம். கெல்லி இங்க்ரம் பூங்காவில் பாதையின் இரண்டு பக்கமும் நாய்கள் பாய்கிற மாதிரி சிலை, நடுவில் நாம் நடக்க வேண்டும். 1963 மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனபோது நாயையும் தண்ணீர் பீரங்கியையும் ஏவினார்கள். ஜெயில் நிரம்பிவிட்டது. ஆட்ரி ஃபே ஹெண்ட்ரிக்ஸ் என்ற குழந்தை ஒரு வாரம் உள்ளே இருந்தாள், வயது 9. "ஆச்சி, நானும் ஒன்பது" என்றாள் பேத்தி. தெரியும் என்றேன்.

எதிரிலேயே 16ஆவது தெரு தேவாலயம். 1963 செப்டம்பர் 15, இதே மாதிரி ஒரு ஞாயிறு, காலை 10:22க்கு வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நாலு பெண் பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், மூன்று பேருக்கும் 14 வயது, டெனிஸ் மெக்நேருக்கு 11. குற்றவாளிகளில் ஒருவருக்கு 1977இல் தண்டனை, மற்ற இருவருக்கு 2001, 2002 வரை ஆயிற்று. நாங்கள் போனபோது ஆராதனை நடந்துகொண்டிருந்தது, பாட்டு தெருவரைக்கும் கேட்டது, முடிந்ததும் உள்ளே விட்டார்கள். பின்பக்கம் மேலே கறுப்பு இயேசுவின் வண்ணக் கண்ணாடி ஜன்னல், வேல்ஸ் நாட்டு மக்கள் வசூல் பண்ணி அனுப்பியது. ஒருத்தர் அரை கிரவுனுக்குமேல் தரக்கூடாது என்று விதி வைத்தார்களாம், பணக்காரர் ஒருவரே மொத்தத்தையும் கட்டிவிடக்கூடாது என்பதற்காக. கோயில் வரி பிரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

திரும்பும்போது மகள் ஓட்டினாள். பேத்தி தூங்கிவிட்டாள். ஜார்ஜியா எல்லையில் கடிகாரம் மறுபடி ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. மாப்பிள்ளை முன்சீட்டில் போனை ரொம்ப நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தார், ஆபீஸ் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "அத்தை, வாக்காளர் படிவத்தில் முதல் பேர், கடைசிப் பேர் என்று கேட்கிறான், நமக்குத்தான் கடைசிப் பேரே கிடையாதே, அப்பா பேரை எங்கே போட?" என்றார். இனிஷியல் முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது என்று நான் எத்தனை சாவடியில் எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், ஒரு புள்ளிகூட மாறக்கூடாது என்றேன்.